வெறும் சாக்கெட்டின் அளவு

நேற்றுக் காலை, நான் குடியிருக்கும் வெள்ளவத்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்று திறந்தார்கள். மாடியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அழைப்பு, நானும் போனேன். ஐயர் மந்திரத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, சோல்டரிங் அயனுக்கு ஒரு பொட்டு, மீட்டருக்கு ஒரு பொட்டு, திறந்து கிடந்த ஒரு போனின் வயிற்றுக்கே ஒரு பொட்டு என்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு போனார். கடைக்காரரின் மனைவி கிண்ணத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பன்னீரில் குழைத்த சந்தனம். அந்த மணம் மூக்கில் ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டு படியேறி, குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தேன். வயது போனால் பித்தம் கூடும் என்று பக்கத்து வீட்டு அம்மா இஞ்சித் தேநீர் கொண்டுவந்து தந்தாள். பித்தமில்லை. உனக்குத் தெரியும்.

நீ இத்தாலியில் கண்மூடி ஆறு மாதமாகிறது. முப்பத்தொன்றாம் நாள் பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தேன். பூசை முடிந்து, உன் தங்கை வீட்டு விறாந்தையில் ஒருவர் எழும்பிப் பேசினார். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியை நீ பதினெட்டு வருடம் குளிப்பாட்டி, தீத்தி, சொந்தத் தாயைப்போலப் பார்த்தாயாம். தியாகி, பொறுமைசாலி, புன்னகை மாறாதவள். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கோ அந்த மனுஷனின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. சிப்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோடுகள் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு பென்சிலையும் ஒரு மீட்டரையும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கத் தெரிந்தவள் நீ என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தி கடைசிக் கதிரையில் உட்கார்ந்து கட்லட் தின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது கட்லட்டையும் எடுத்தாள். சீ.

களனி ஆற்றுப் பக்கத்துப் பழைய களஞ்சியம் ஒன்றுக்கு வெள்ளையடித்து, ஏசி பூட்டி, சிப் சோதிக்கும் இடமாக்கியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் சிப்புகளை ஒவ்வொன்றாகச் சாக்கெட்டில் செருகி, அதன் கால்களுக்கு ஒன்றும் பூச்சியமுமாக ஒரு வரிசையைக் கொடுப்போம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கேள்வி. சரியான பதில் சொன்ன சிப் பச்சைத் தட்டுக்கு, பிழையாகச் சொன்னது சிவப்புத் தட்டுக்கு. இருபது பெண்களில் தமிழர் நாங்கள் இரண்டு பேர். மனேஜரையும் சேர்த்தால் மூன்று. அவரைச் சேர்க்க எனக்கு அன்றும் விருப்பமில்லை, இன்றும் இல்லை.

பச்சைத் தட்டில் போன சிப்புகளில் சில, நாலைந்து மாதம் கழித்துச் செத்துத் திரும்பி வந்தன. மனேஜர் எங்களைத் திட்டினார். நீதான் திரும்பி வந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "பதில் எல்லாம் சரியாத்தான் சொல்லுது. ஆனா சும்மா இருக்கக்குள்ள ஏன் இவ்வளவு கரண்ட் இழுக்குது?" என்று கேட்டாய். அந்த வகைச் சிப் கேள்விக்குப் பதில் சொல்லி அடங்கிய பிறகு கிட்டத்தட்ட ஒன்றுமே இழுக்கக் கூடாது. இது இழுத்தது. உள்ளே எங்கோ தொடக் கூடாத இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு துணுக்கு உலோகம் பாலம் போட்டிருக்கிறது என்றாய். ஒரு கோடு ஒன்றாகவும் மற்றது பூச்சியமாகவும் இருக்கும்போது மட்டும் அந்தப் பாலத்தால் கரண்ட் ஓடும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பாலம் இருப்பதே தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களைத் தின்று, இரண்டு மாதத்தில் நீயே ஒரு போர்டு செய்தாய். நடுவில் சாக்கெட், பக்கத்தில் மைக்ரோ அம்பியர் காட்டும் மீட்டர். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சந்தேகமான சோடிகளை வரிசையாக எழுதுவாய். ஒவ்வொரு கேள்வியாகக் கொடுத்து, அடங்க விட்டு, அளப்பாய். மீட்டர் அசையாமல் நின்றால் உன் முகம் மலரும். எனக்கு அது முதலில் விளங்கவில்லை.

"இழுக்கேல்லையெண்டா என்னத்துக்குச் சந்தோசப்படுறாய்?" என்று கேட்டேன்.

"லூசு, இழுத்தா சந்தேகம் மட்டுந்தான். இழுக்காட்டித்தான் உண்மை தெரியும். இந்தக் கேள்வியில எதிரும் புதிருமா நிண்ட சோடியெல்லாம் நிரபராதி. வெட்டி விடலாம்." சொல்லிக்கொண்டே பென்சிலால் சரசரவென்று வெட்டினாய். நூற்றுக்கு மேல் இருந்த பட்டியல் பத்தாகி, மூன்றாகி, கடைசியில் ஒரு சோடியில் வந்து நின்றது.

அந்தச் சிப்பை வெளிநாட்டுக்கு அனுப்பி உடைத்துப் பார்க்கச் சொல்லி நீ மனேஜரின் உயிரை எடுத்தாய். "பதில் சரியெண்டா வேற என்ன மிஸ் உங்களுக்கு வேணும்?" என்று அவர் மூன்று கிழமை இழுத்தடித்தார். பிறகு அனுப்பினார். பதிலாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. இரண்டு கோடுகள், நடுவே தும்பு மாதிரி ஒரு துணுக்கு. நீ சொன்ன அதே சோடி. அன்று நீ வாசற்கடையில் இருபது பேருக்கும் மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கித் தந்தாய். மனேஜரும் ஒன்றை எடுத்துக்கொண்டு, தானே கண்டுபிடித்ததுபோல் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதப் போனார். உன் போர்டுக்கு ஒரு மாதத் தவணை கிடைத்தது. அந்த மாதம் ஒழுங்காகப் போனால் நீ சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பு. போகாவிட்டால் போர்டும் குப்பைக்கு, நீயும் பழைய தட்டுக்கு.

எனக்கு நீ ஒரே ஒரு வேலைதான் தந்தாய். தினமும் காலையில் மீட்டரைப் போட்டு, அது நிலைக்க இருபது நிமிடம் விட்டு, சாக்கெட்டில் சிப் வைக்காமல் வெறுமனே அளக்க வேண்டும். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். போர்டே எங்கோ கசிந்தால் சிப்பின் மேல் பழி விழும் என்பதற்காக. ஒரு குழந்தைகூடச் செய்யக்கூடிய வேலை.

மூன்றாவது கிழமை ஆயுத பூசை வந்தது. நான் விடியற்காலையே வெள்ளவத்தைக் கோயிலுக்குப் போய், சந்தனமும் குங்குமமும் வாழையிலைத் துண்டில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் அச்சுக்கூடத்தில் அன்றைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் யாரும் தொடமாட்டார்கள். உன் போர்டுக்கு யார் வைப்பார்கள்? நீயோ வேதக்காரி. உன் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மாதா சுருவத்தைக்கூட வேலை நேரத்தில் கழற்றிப் பேர்சுக்குள் போட்டுவிடுவாய். "மாதாவுக்கு ஷோர்ட் சேர்க்கிட் தெரியாதடி" என்று சிரிப்பாய்.

அன்று பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். போன கிழமைதான் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம்; அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஒருத்தன். முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்று, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது வேலை தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. நீ களஞ்சிய அறையில் சிப் எண்ணி எடுத்துக்கொண்டிருந்தாய். போர்டின் மேற்பக்கம் வைத்தால் மனேஜர் காண்பார், சிரிப்பார். ஆகவே திருப்பி, அடிப்பக்கம் வைத்தேன். சாக்கெட்டின் கால்கள் வெளியே வந்து ஈயம் பூசி நிற்கும் இடத்தில், நடுவாக, வடிவாக, ஈரச் சந்தனம். அதன்மேல் குங்குமம். கையெடுத்தும் கும்பிட்டேன். உனக்கு அந்தப் பொறுப்புக் கிடைக்க வேண்டும் என்றுதான் கும்பிட்டேன், அது பொய்யில்லை.

பிறகு கொப்பியை எடுத்தேன். இருபது நிமிடம் காத்திருக்க நேரமில்லை. முந்தின நாள் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதி, ஒப்பம் வைத்தேன்.

ஒன்பது மணிக்கு நீ தொடங்கினாய். முதல் சிப் கூட இழுத்தது. இரண்டாவதும். இருபதாவதும். கொப்பியைப் பார்த்தாய், வெறும் சாக்கெட் சுத்தம் என்று என் கையெழுத்து சொன்னது. பத்து மணிக்கு அன்று விமானத்தில் ஏற வேண்டிய பெட்டிகள் முழுவதிலும் சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்திவிட்டாய். மனேஜர் முகம் வெளிறி, தொலைபேசிக்கு ஓடினார். பெட்டிகள் போகவில்லை.

மத்தியானம் நீ பணிஸைத் தொடவில்லை. கலண்டர் தாளை விரித்து, ஒரு சிப்பை வைத்து, கேள்விக்கு மேல் கேள்வியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாய். பட்டியலில் ஒரு சோடியைக்கூட வெட்ட முடியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அதே அளவு, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"காலையில வெறும் சாக்கெட் அளந்தனீதானே?"

"ஓம், அளந்தனான்."

"இருபது நிமிசம் விட்டு?"

"ஓமெண்டுறன். கொப்பியில கிடக்கு, பார்."

நீ பார்க்கவில்லை. சரி என்றாய். எனக்கு அப்போதுதான் உள்ளே ஏதோ இடித்தது. சந்தனத்தில் ஈரம். குங்குமத்தில் சுண்ணாம்பு. இரண்டும் கரண்ட் ஏறும் காலுக்கும் இறங்கும் காலுக்கும் நடுவே. சிப்புக்குள் இல்லாத பாலத்தை வெளியே நானே போட்டுவிட்டேன்.

அந்த நிமிடமே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ நாலு கிழி கிழித்திருப்பாய், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? பின்னேரம் எல்லோரும் கைப்பைச் சோதனைக்கு வாசலில் வரிசையில் நிற்க, குடையை மறந்துவிட்டேன் என்று உள்ளே திரும்பினேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, போர்டைத் திருப்பி, துடைத்தேன். ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு காலுக்கும் இடையில் விட்டுத் துடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையும் செய்ததில்லை. பஞ்சைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த நாள் காலை மனேஜர் தானே வந்து உன் பக்கத்தில் நின்றார். அதே சிப்புகள், அதே போர்டு. ஒன்றுகூட இழுக்கவில்லை. மீட்டர் முள் செத்ததுபோல் கிடந்தது.

"எங்க மிஸ் உங்கட பழுது?" என்றார். "நேத்து இருந்தது, இண்டைக்குப் பறந்திட்டுதோ?"

நீ போர்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் சிவப்புத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"வேற யாரும் இந்தப் போர்டைத் தொட்டதா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சேர். நான் மட்டுந்தான்."

எனக்கு மூச்சு வந்தது. என்னைக் காப்பாற்றிவிட்டாயே என்ற நன்றிகூட இல்லை. இவளுக்குத் தெரியாது என்ற நிம்மதி மட்டும். அப்படித்தான் நினைத்தேன். என் அறையில் அண்ணன் ஊரிலிருந்து வந்து, வெளியூரார் கட்டாயம் பதிய வேண்டிய பொலிசில் பதியாமல் ஐந்து நாளாக இருந்தான். என்னை விசாரித்தால் அறைக்கு வருவார்கள், அவனைக் கொண்டுபோவார்கள். இந்த நியாயத்தை நான் எனக்கே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். அது நியாயந்தான். ஆனால் அண்ணன் அடுத்த மாதமே கனடாவுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகும் வாய் திறக்காததற்கு நான் இன்னும் நியாயம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மனேஜர் பொலிசுக்குச் சொன்னார். தமிழ்ப் பெண் ஒருத்தி வேண்டுமென்றே ஏற்றுமதியை மறித்தாள் என்று. குண்டு வெடித்த அடுத்த கிழமையில் அப்படி ஒரு வசனம் போதும். உன்னை ஜீப்பில் ஏற்றும்போது அவர் என் பக்கத்தில் நின்று, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "நானும் தமிழன்தானே மிஸ். அதாலதான் நான் கூடக் கவனமா இருக்கோணும்." அவரிடம் சவர லோஷன் மணந்தது. அந்த மணத்தையும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் சேர்" என்றேன்.

வாசலில் எங்கள் பைகளைச் சோதிக்கும் சிங்கள அக்கா மட்டும் உன் குடையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். "நங்கி, குடய! குடய அரங் யன்ன!" தங்கச்சி, குடையைக் கொண்டு போ என்று. தினமும் எங்கள் பையைக் கிளறுகிறவள் என்று நாங்கள் இருவரும் அவளைப் பழித்துக் கதைத்திருக்கிறோம். அன்று அந்த இடத்தில் மனுஷியாக நின்றவள் அவள் ஒருத்திதான்.

மூன்று நாளில் உன்னை விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் பெயர் எங்கோ ஒரு பட்டியலில் இருந்தது. உன்னைப்போல் பென்சில் எடுத்து வெட்ட அங்கே ஒருவரும் இல்லை. பொலிஸ் றிப்போட் இல்லாமல் எந்தத் தொழிற்சாலையும் உன்னை எடுக்கவில்லை. இரண்டு வருடம் வீட்டில் இருந்து பார்த்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் போகும் வழியில் நீயும் இத்தாலிக்குப் போனாய்.

உன் போர்டு குப்பைக்குப் போகவில்லை. முறை நல்லது, ஆள்தான் பிழை என்று மனேஜர் வெளிநாட்டுக்கு எழுதினார். அந்த முறை தெரிந்த இன்னொருத்தி இருந்தாளே, அவளிடம் கொடுத்தார். பதினொரு வருடம் நான்தான் அதற்குப் பொறுப்பு. உன் கலண்டர் தாள் அச்சடித்த படிவமானது. புதிதாக வந்தவர்களுக்கு, "இழுக்காட்டித்தான் உண்மை தெரியும்" என்று உன் வசனத்தையே சொல்லிக்கொடுத்தேன், சொன்னது யார் என்று சொல்லாமல். ஓய்வு பெறும்போது கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பாராட்டு தந்தார்கள். அதை அலுமாரிக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். எறியவில்லை. எறியாமல் வைத்திருக்கிறேனே, அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கு அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

இன்னும் ஒன்றை எழுதவில்லை. அதை எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

உன்னை விட்டு ஒரு கிழமை கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். பின்னேரம். கையில் ஒரு பைக்கட் பிஸ்கட், நோயாளியைப் பார்க்க வந்தவள்போல. உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உன் அம்மா இரண்டு கோப்பை பால் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனார். நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

"எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவு வந்திச்சு. சிப்புக்குள்ள பாலம் இருந்தா அப்பிடி வராதடி. அண்டைக்கு மத்தியானமே போர்டைத் திருப்பிப் பார்த்திட்டன். சிவப்பா ஒரு பொட்டு இருந்திச்சு."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் அதைத் தொடேல்ல. அண்டைக்கு மனேஜர் கொதிச்சுக்கொண்டு நிண்டார், விடிய அவரைக் கூட்டிவந்து காட்டி, போர்டில ஊத்தை பட்டிருக்கு, துடைச்சா சரி எண்டு சொல்லி முடிப்பம் எண்டு நினைச்சன். ஆர் வைச்சது எண்டு கேட்டா எனக்குத் தெரியாது எண்டிருப்பன். அது இருந்திருந்தா எனக்கு ஒண்டும் நடந்திருக்காது." நீ கோபமாகச் சொல்லவில்லை. கலண்டர் தாளில் கணக்குப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாய். "ஏன்டி துடைச்சனீ?"

நான் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்து, "எதை?" என்றேன்.

தெருவில் ஒரு லொறி பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு, "ஒண்டுமில்ல. தேத்தண்ணி ஆறுது, குடி" என்றாய்.

குடித்தேன். நல்ல தேத்தண்ணி என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதவில்லை, நானும் எழுதவில்லை. உன் பக்கம் ஒன்றும் பாக்கி இல்லை. நீ கேட்டுவிட்டாய், பதில்தான் இத்தனை வருடமும் என்னோடு கிடக்கிறது.

பொட்டைத்தான். வைத்ததும் நான், துடைத்ததும் நான். அன்று காலை வெறும் சாக்கெட்டை நான் அளக்கவில்லை.